மலிவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ்-8: வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு

லெஸ்டரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் தொலைபேசியில் அழைத்து, பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று 1,800 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா அண்ணா என்று கேட்டான். எனக்கு மிகவும் பிடித்த கார் அது. அதனால்தான் உடனே சரி என்று சொல்லவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விற்பனை விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். அதன் பழுதுச் செலவு அப்படி இறங்குவதில்லை. அவனிடம் விளக்கிச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் காரில் பிஸ்டன்கள் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, நடுவில் சற்று ஒடுங்கிய அறைகளுக்குள் சுழல்கின்றன. 1.3 லிட்டர் கொள்ளளவு மட்டுமே கொண்ட அந்த எஞ்சின், கூடுதல் திறன் கொண்ட வகையில் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் வரை அதிர்வின்றி ஏறும். ஒருமுறை ஓட்டியவர்கள் அந்த உணர்வை மறக்க மாட்டார்கள். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை இருக்கிறது. அது அறையின் சுவரை ஒட்டியே உரசிச் செல்ல வேண்டும். அது தேய்ந்தால் அழுத்தம் கசியும், எஞ்சினின் ஆயுளும் அங்கேயே முடிகிறது. அந்தப் பட்டைகளுக்கு மசகு வேண்டும் என்பதற்காகவே சிறிதளவு எஞ்சின் ஆயிலை அறைக்குள் செலுத்தி எரிய விடுகிறார்கள். ஆகவே ஆயில் குறைவது இந்தக் காரில் கோளாறு அன்று, இயல்பு. இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒரு முறையாவது ஆயில் அளவைப் பார்க்காத உரிமையாளரிடமிருந்து இதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெரிய செலவு பெரும்பாலும் சிறிய பாகத்தில்தான் தொடங்குகிறது. இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறிக்கான மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் நான்கு உள்ளன. அவை சுமார் 30,000 மைலில் வலுவிழக்கத் தொடங்குகின்றன. ஒரு காயில் பழுதானால் எரியாத பெட்ரோல் புகைபோக்கி வழியே போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிகிறது; அதன் உட்பகுதி உருகி அடைத்துக்கொள்ள, வெளியேற வேண்டிய சூடு எஞ்சினுக்கே திரும்புகிறது; அந்தச் சூட்டில் சீல்கள் கெடுகின்றன. சில நூறு பவுண்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் 3,000 முதல் 5,000 பவுண்டு வேலையாக மாறிவிடுகிறது. காரின் விலையைப் போல் இரண்டு மடங்கு!

குளிர்ந்த எஞ்சினை இயக்கி, காரைப் பத்தடி நகர்த்தி நிறுத்திவிட்டு உடனே அணைப்பதும் தவறு. அறைக்குள் தேங்கும் பெட்ரோல் ஸ்பார்க் பிளக்குகளை நனைத்துவிடுவதால் மறுபடி இயக்க முடியாமல் போகும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வருவதற்கு இந்தக் கார் ஏற்றதன்று. பின்சக்கர வளைவுகளில் துரு பிடிக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் எஞ்சினுக்கு அமெரிக்காவில் 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நிறுவனமே உத்தரவாதத்தை நீட்டித்தது. அந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று வாங்குபவருக்குத் துணை சோதனை ஒன்றுதான். இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடேறிய பிறகு அணைத்து, உடனே மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். குளிரில் எளிதாகக் கிளம்பி, சூட்டில் தடுமாறினால் சீல்கள் தேய்ந்திருக்கலாம். அதன்பின் இத்தகைய ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள கருவியால், அறைக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்ய வேண்டும். சாதாரண கேஜ், ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் (முக்கோணத்தின் பக்கங்களில்) மிகுந்த அளவை மட்டுமே காட்டும் என்பதால் அதை நம்பக் கூடாது. நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் ஒவ்வொரு முகமும் குறைந்தது 680 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும்.

பிரிட்டனில் சாலை வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான காருக்கு அது ஆண்டுக்கு 400 பவுண்டைச் சற்றே தாண்டும். அதன் பிறகு பதிவான, கூடுதல் திறன் கொண்ட 231 குதிரைத்திறன் காருக்கு 700 பவுண்டுக்கு மேல்.

தம்பி அந்த 1,800 பவுண்டு காரை விட்டுவிட்டான். எஞ்சின் புதுப்பித்த ரசீதுகளோடு, இரண்டு மடங்குக்கும் மேலான விலையில் வந்திருக்கும் 2005-ஆம் ஆண்டுக் கார் ஒன்றுக்கு வரும் சனிக்கிழமை டெஸ்ட் வைத்திருக்கிறான். இரண்டு ரோட்டர்களுக்கும் சேர்த்து ஆறு எண்கள் வரும். அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.