கயிற்றை அறுத்தவர்கள்

மார்ச் 3, திங்கள்

16ஆம் தேதி வேதபாடம் நான் எடுக்க வேண்டுமாம். தலைப்பு: தேவனுடைய சர்வ ஆளுகையும் மனுஷனுடைய சுயசித்தமும். அதாவது, எல்லாம் அவர் தீர்மானமா, நம் தேர்வுக்கும் இடம் உண்டா என்பது. "நீங்கதான் நிறைய வாசிப்பீங்களே" என்று போதகர் சொன்னார். பெருமையில் தலையாட்டிவிட்டேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்த மாதம் வந்தால் அம்மா போய் ஒரு வருஷம். அடக்க ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கையைப் பிடித்தவர்களில் பாதிப் பேராவது "கர்த்தருடைய சித்தம்" என்றிருப்பார்கள். மற்றவர்களுக்கு அந்த வார்த்தை கோபத்தை மூட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு இதமாக இருந்தது. ஏன் அவ்வளவு இதமாக இருந்தது என்பதைத்தான் ஒரு வருஷமாக யோசிக்காமல் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

சரித்திரத்தை ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கிருபையே எல்லாம் என்ற அகுஸ்தீனும் மனுஷனால் முடியும் என்ற பெலேகியுவும், சுயசித்தம் உண்டென்று 1524இல் எரஸ்மஸ் எழுதியதும் அடுத்த வருஷமே லூத்தர் கொடுத்த மறுப்பும், அப்புறம் தேவனுடைய தீர்மானத்தை அழுத்திய கால்வின், மனுஷனுடைய சம்மதத்துக்கு இடம் விட்ட அர்மீனியுஸ். 'கால்வினின் ஐந்து கோட்பாடுகள்' என்று நாம் சொல்வதைக் கால்வின் பார்த்ததே இல்லை. அவர் 1564இல் இறந்துவிட்டார். அர்மீனியுஸ் 1609இல் இறந்தார். மறுவருஷம் அவருடைய ஆட்கள் ஐந்து கூற்றுகளை எழுதிக் கொடுக்க, அதற்கு மறுப்பாக 1618-19இல் ஆலந்தின் டார்ட் நகரில் கூடிய சபைச் சங்கம் சொன்னதுதான் பிற்பாடு ஐந்து கோட்பாடுகள் ஆனது. சண்டைக்குப் பெயர் கொடுத்த இரண்டு பேருமே சண்டையில் இல்லை!

கத்தோலிக்கர் பக்கத்திலும் இதே வழக்குதான். கிருபை முந்தியா, சம்மதம் முந்தியா என்று தொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் மோதினார்கள். ரோமில் வருஷக்கணக்காக விசாரணை. கடைசியில் 1607இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் தீர்ப்பே சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நான் படித்ததிலேயே புத்தியுள்ள தீர்ப்பு இதுதான்.

மார்ச் 8, சனி

அடைக்கலான் குருவி வசனம், மத்தேயு 10:29. "உங்கள் பிதாவின் சித்தமில்லாமல், அவைகளில் ஒன்றாகிலும் தரையிலே விழாது." சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். இன்று விளக்கவுரையைப் பார்த்தால், கிரேக்க மூலத்தில் 'சித்தம்' என்ற சொல்லே இல்லையாம். "உங்கள் பிதா இல்லாமல்", அவ்வளவுதான். அவருக்குத் தெரியாமலா, அவர் அனுமதி இல்லாமலா, அவர் கூட இல்லாமலா? மூலம் சொல்லவில்லை. நம் மொழிபெயர்ப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. குருவி விழும்போது பிதா பக்கத்தில் இருக்கிறார் என்பதற்கும், பிதா விழத் தீர்மானித்தார் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்!

நேரெதிராக ஆதியாகமம் 50:20. தன்னைக் குழியில் தள்ளிய சகோதரரிடம் யோசேப்பு சொல்வது. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்." இங்கே எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். சகோதரர் தீமையாக நினைத்தார்கள், தேவன் அதையே நன்மையாக நினைத்தார். தமிழில் வாசித்தால் அவர்கள் கெடுத்ததை அவர் பின்னால் வந்து சரிசெய்த மாதிரி இருக்கிறது. மூலம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அந்தக் குழியின் ஓரத்திலேயே இரண்டு நினைப்பும் இருந்தன என்கிறது.

மார்ச் 10, திங்கள்

யாத்திராகமத்தில், இஸ்ரவேலரை விடமாட்டேன் என்று நின்ற எகிப்து ராஜா பார்வோனின் இருதயம். அதைக் கடினப்படுத்தியது யார், அவனா, தேவனா? ஒரு நல்ல பதில் கிடைத்ததென்று துள்ளினேன். முதல் ஐந்து வாதைகளில் அவன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்றோ, அது கடினப்பட்டது என்றோதான் வருகிறது. கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நடந்ததாக முதலில் சொல்லுவது ஆறாவது வாதையான கொப்புளங்களுக்குப் பிறகு, 9:12இல். ஆக, அவன் ஆரம்பித்தான், தேவன் அவனை அவன் வழியிலேயே விட்டார். ஆனால் 4:21ஐத் திருப்பினால், மோசே எகிப்துக்குள் கால் வைக்கும் முன்பே "நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்" என்று நிற்கிறது. பதில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

தேவன் எல்லாவற்றையும் முன்னறிந்தால் நமக்குச் சுயசித்தம் ஏது என்ற கேள்விக்கு அகுஸ்தீன் சொன்னதைக் குறித்துவைத்தேன். நீ ஒன்றை நினைவில் வைத்திருப்பதால் அது நடந்தே ஆக வேண்டும் என்று நீ கட்டாயப்படுத்தியதாகாது. தேவன் முன்னறிவதும் அப்படியே. அறிவுக்கு இது சரி. ஆனால் நான் வெறும் நினைவு வைத்திருக்கிறவன், அவரோ எல்லாம் வல்லவர். அந்த இடத்தில் உவமை நொண்டுகிறது.

மார்ச் 13, வியாழன்

அப்போஸ்தலர் 27. இதைப் பாடத்தின் நடுவில் வைப்பேன்.

பல நாளாகப் புயல். கப்பலில் 276 பேர். 22ஆம் வசனத்தில், கைதியாகப் போகும் பவுல், "உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது" என்கிறார். தூதன் சொன்னது, முடிந்த காரியம். அப்புறம் பதினாலாம் இரவில் மாலுமிகள், நங்கூரம் போடப்போகிற பாவனையில் படவை, அதாவது சிறு படகை, இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். 31ஆம் வசனத்தில் அதே பவுல்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்." பத்து வசனம்கூட இடைவெளி இல்லை. ஒருவரும் சாகமாட்டீர்கள், இவர்கள் போனால் செத்தீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அவர் விளக்கவில்லை. போர்ச்சேவகரும் கேட்கவில்லை. படவின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். விடிந்ததும் சிலர் நீந்தியும், சிலர் பலகையையும் கப்பல் துண்டையும் பற்றிக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். வாக்குத்தத்தம் நிறைவேறிய விதம் அது, பலகை பலகையாக.

சரி, எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது மருத்துவர் எக்கோ எடுக்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தார். "ஒரு வாரத்துக்குள்ள எடுத்துடுங்க." முதல் வாரம் ஆபீசில் தணிக்கை. இரண்டாம் வாரம் தணிக்கை முடிந்த அலுப்பு. மூன்றாம் வாரத்துக்குக் காரணமே இல்லை. நான்காம் வாரம் தேவைப்படவில்லை. சீட்டு நாலாக மடித்து இன்னும் பர்ஸில் இருக்கிறது, மடிப்பு கிழிந்துவிட்டது. எடுத்திருந்தால் பிழைத்திருப்பார்களா, தெரியாது. "கர்த்தருடைய சித்தம்" என்று யாரோ சொன்னபோதெல்லாம் அந்தச் சீட்டு கொஞ்சம் லேசானது. அதுதான் இதம்.

"தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று யோசேப்பு சொன்னது உண்மைதான். ஆனால் சொன்னவன் குழியில் கிடந்தவன். தள்ளிவிட்டவர்கள் அதைச் சொல்லவில்லை, அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

பாடம் முடிந்தது. 'அர்மீனியர்' என்றதும் ஒரு தம்பி, அந்த நாட்டுக்காரர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்டான். சிரித்துவிட்டு, அது ஓர் ஆலந்து ஆளின் பெயர் என்று விளக்க ஐந்து நிமிஷம் போனது.

பிலிப்பியர் 2க்கு வந்தேன். "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்", அடுத்து, "ஏனெனில் தேவனே... விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்." பவுல் 'ஆனாலும்' போட்டிருக்கலாம், 'ஏனெனில்' போட்டார் என்றேன். அவர் செய்வதால் நீ சும்மா இரு என்றல்ல, அவர் செய்வதால் நீ செய். இன்னொரு தம்பி விடவில்லை. "எல்லாம் முன்னாடியே முடிவாயிருந்தா ஏன் ஜெபம் பண்ணணும் அண்ணே?" நான் யோசிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா, "எல்லாம் நம்ம இஷ்டம்தான்னா மட்டும் எதுக்குப்பா ஜெபம்? என் மகன் மனசை மாத்தும்னு நான் யார்கிட்ட கேக்கறது?" என்றார். அதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

சீட்டைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இரவு அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். மூன்று வாரத்தையும், காரணமே இல்லாத அந்த மூன்றாம் வாரத்தையும்.

வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அந்த மூணு வாரத்துல நான் ரெண்டு தடவை வந்துட்டுப் போனேன்டா" என்றாள். "சீட்டு எங்கம்மான்னு கேட்டேன். தம்பிகிட்ட இருக்குன்னாங்க. அதோட விட்டுட்டேன்."

இருவரில் ஒருவரும் 'சித்தம்' என்ற வார்த்தையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சீட்டைத் தூக்கிப் போட்டுட்டியா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"வரும்போது எடுத்துட்டு வா. நானும் பாக்கணும்."