ஆம்பை விட்டுவிட்டு ஸ்பீக்கரைத் திருத்தியபோது

கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்களைக் கணினி முறையில் போலச் செய்யும் டிஜிட்டல் ஆம்ப் மாடலரை வாங்கிய முதல் ஆண்டு முழுவதும் நான் ஆம்ப் மாடல்களையே மாற்றிக்கொண்டிருந்தேன். ஃபெண்டர் நிறுவன ஆம்பின் மாடல் சரியில்லை என்று தோன்றினால் வாக்ஸ், அதுவும் பிடிக்காவிட்டால் மார்ஷல் என்று ஒவ்வொன்றாகத் தாவி, கெயினையும் (ஒலியை முறுக்கேற்றும் அளவு) ட்ரெபிளையும் (மேல்சுரங்களின் அளவு) இரவு நெடுநேரம் திருகியும், வேண்டுமென்றே சிதைத்த டிஸ்டார்ஷன் ஒலியின் மேல் உப்புத்தாளைத் தேய்ப்பது போன்ற ஒரு கரகரப்பு மட்டும் எல்லாவற்றிலும் அப்படியே நின்றது. குறை கருவியில் இருப்பதாகவே நம்பினேன்.

ஒரு நாள் ஏதோ தேடும்போது கேபினெட் பகுதியை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் பகுதியை, தவறுதலாக அணைத்துவிட்டேன். அப்போது காதில் விழுந்தது கிட்டார் ஒலியே அல்ல. மின்சாரக் கோளாறு போன்ற ஒரு கீச்சல். ஆம்ப் மாடல் மாறவில்லை, அமைப்புகளும் மாறவில்லை, ஸ்பீக்கர் மட்டும் போயிருந்தது. கேபினெட் பகுதியின் அமைப்புகளை ஓராண்டாக நான் தொட்டதே இல்லை என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், நாம் பாட்டுக் கேட்கப் பயன்படுத்தும் ஸ்பீக்கரைப் போன்றதன்று. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடுகிறது. கீழ்ப்பக்கத்திலும் 80 ஹெர்ட்ஸை ஒட்டி, அதாவது தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணான 82 ஹெர்ட்ஸுக்கு அருகிலேயே, அது களைத்துவிடுகிறது. ஆம்பின் வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) ஒலி அலையின் உச்சிகளை வெட்டும்போது பிறக்கும் மேல்சுரங்கள் 10,000 ஹெர்ட்ஸையும் தாண்டிச் செல்பவை. அவற்றில் காதுக்கு இனிமையான பகுதியை மட்டும் வெளியே விட்டு மற்றதை விழுங்கிவிடும் வடிகட்டியாகவே அந்தக் காகிதக் கூம்பு வேலை செய்கிறது. ஆம்பின் குணம் என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் கூம்பின் குணம் என்பதே என் கருத்து.

மாடலரில் இந்த வேலையைச் செய்வது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்னும் சிறு கோப்பு. சுருக்கமாக ஐஆர் என்பார்கள். கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்களையும் தடவிச் செல்லும் ஒரு சோதனை ஒலியை உண்மையான கேபினெட் வழியாக ஒலிக்கவிட்டு, மைக்கில் பதிந்து, மூல ஒலியோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டு இதைப் பெறுகிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற கணக்கில், 2,048 மாதிரிகள் கொண்ட ஓர் ஐஆரின் நீளம் சுமார் 43 மில்லிவினாடிதான். ஆனால் அந்த இமைப்பொழுதுக்குள் ஸ்பீக்கரோடு கேபினெட்டின் மரமும், பதிவு செய்த மைக்கும், அந்த மைக் வைக்கப்பட்ட இடமும், மைக்கின் மெல்லிய சைகையைப் பெருக்கும் ப்ரீஆம்பும் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. எனவே ஐஆரைத் தேர்ந்தெடுப்பது என்பது, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிப்பொறியாளர் ஸ்பீக்கரின் முன் மண்டியிட்டு மைக்கை விரல் அளவு நகர்த்திப் பார்க்கும் அதே வேலைதான். ஷூர் எஸ்எம்57 மைக்கைக் கூம்பின் நடுவில் இருக்கும் குமிழுக்கு நேராக வைத்தால் ஒலி குத்தும். ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் ஓரமாக நகர்த்தினால் அதே ஆம்ப், அதே கிட்டார், கனிந்துவிடும். ஆம்பின் ட்ரெபிளைக் குறைத்து நான் ஓராண்டாகத் தேடியது இந்த இரண்டு அங்குலத்தில் இருந்தது.

இரண்டு மைக்குகளின் ஐஆர்களைக் கலப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்எம்57-ன் கூர்மையோடு ராயர் ஆர்-121 போன்ற, மெல்லிய உலோக நாடாவால் ஒலியைப் பிடிக்கும் ரிப்பன் மைக்கின் இதமான அடர்த்தியைச் சேர்ப்பது நெடுங்காலமாக உள்ள நல்ல வழக்கம். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து அவற்றின் தூரம் 10 சென்டிமீட்டர் வேறுபட்டாலே ஒலி ஒன்றைவிட மற்றொன்றுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிவினாடி தாமதமாகச் சென்று சேர்கிறது. இரண்டையும் சம அளவில் கலந்தால் 1,700 ஹெர்ட்ஸ் பக்கத்தில், கிட்டாரின் கடிப்பு குடியிருக்கும் இடத்திலேயே, ஒன்றை ஒன்று அழித்துவிடும். தனித்தனியே அருமையாக இருந்த இரண்டு ஐஆர்கள் சேர்ந்ததும் உள்ளீடற்றுக் கேட்டால், காரணத்தை முதலில் இங்கே தேடுங்கள்.

“இது நிஜ ஆம்ப் போல இல்லை” என்ற மனக்குறை எனக்கும் நெடுநாள் இருந்தது. நான் ஒப்பிட்டது இரண்டு வேறு பொருள்களை. அறையில் நிற்கும் ஆம்பை நாம் சில அடி தள்ளி, சுவர்களில் எதிரொலித்து வரும் ஒலியோடு, பெரும்பாலும் கேபினெட்டைவிட உயரத்தில் நின்று கேட்கிறோம். மாடலரோ ஸ்பீக்கருக்கு மிக அருகில் வைத்த மைக் கேட்டதைத் தருகிறது. நாம் நேசித்து வளர்ந்த இசைத்தட்டுகளின் கிட்டார் ஒலி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

மேடைக்கு வரும்போது இந்த வேறுபாடு நம்மைச் சிக்க வைக்கும் பொறியாக மாறும். ஒரு நிகழ்ச்சியில் என் மாடலரை ஒரு பவர் ஆம்ப் வழியாக உண்மையான கிட்டார் கேபினெட்டில் இணைத்தார்கள். ஐஆரை அணைக்க நான் மறந்துவிட்டேன். ஒரு ஸ்பீக்கரின் ஒலி இன்னொரு ஸ்பீக்கருக்குள் புகுந்து, கிட்டார் கம்பளிக்குள்ளிருந்து ஒலிப்பது போலானது. மூன்று பாடல்கள் வரை ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே இருந்தேன். உண்மையான கேபினெட்டுக்குச் செல்லும் தடத்தில் ஐஆர் இருக்கக் கூடாது, அரங்கின் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸருக்குச் செல்லும் தடத்தில் இருந்தாக வேண்டும். பல மாடலர்களில் இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனியே அமைக்கலாம்.

இன்னொரு பொறி ஒலியின் அளவு. குறைந்த ஒலியில் நம் காதுகள் தாழ்ந்த சுரங்களை மிகக் குறைவாகவும், மிக உயர்ந்தவற்றை ஓரளவு குறைவாகவும் உணர்கின்றன என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வரைபடமாகக் காட்டிவிட்டார்கள். இரவில் ஹெட்போனில் மெதுவாகக் கேட்டுச் செதுக்கிய ப்ரீசெட் (சேமித்து வைத்த அமைப்பு) மேடையில் அடித்தொண்டையில் முழங்கி, மேலே காதைக் கிழிப்பது இதனால்தான். இப்போது பேச்சுக் குரலைச் சற்று உயர்த்தினால்தான் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும் என்ற அளவு சத்தத்தில் மட்டுமே இறுதி முடிவுகளை எடுக்கிறேன். ஐஆருக்குப் பிறகு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும், 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுவது பல நேரம் போதுமானதாக இருக்கிறது.

ஐஆருக்கும் எல்லை உண்டு. அது ஸ்பீக்கரின் அசையாத ஒளிப்படம் போன்றது. மெதுவாக வாசித்தாலும் வெறிகொண்டு அடித்தாலும் ஒரே வடிகட்டியாகவே நிற்கும். உண்மையான கூம்பு அதிகச் சத்தத்தில் திணறி, தானே சற்று அமுங்கிச் சிதறும் தன்மை அதில் பதிவாவதில்லை. வால்வு பவர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நடக்கும் இழுபறியும் அப்படியே: ஸ்பீக்கரின் மின்மறுப்பு (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்குவதால் வால்வு ஆம்ப், ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் தாழ்ந்த ஒத்ததிர்வுப் பகுதியிலும் மேல் சுரங்களிலும் கூடுதலாகத் தள்ளுகிறது. இதை ஆம்ப் மாடல்தான் கவனிக்க வேண்டும். சில மாடலர்களில் அந்த மின்மறுப்பு வளைவையே தேர்ந்தெடுக்க முடிகிறது. விரலுக்குக் கீழே கம்பி துள்ளுகிற உணர்வை மீட்க, கெயினைவிட அதுவே எனக்கு அதிகம் உதவியது.

இப்போது என் மாடலரில் மூன்று ஐஆர்களை மட்டும் வைத்திருக்கிறேன். புதிய ஆம்ப் மாடல் எதை ஏற்றினாலும் முதலில் அவற்றில் ஒன்றோடுதான் கேட்கிறேன். ஸ்பீக்கர் நிலையாக இருக்கும்போது ஒரு வாக்ஸுக்கும் மார்ஷலுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, அந்த ஓராண்டில் கேட்காத தெளிவோடு கேட்கிறது.