முதல் வரியின் விலை

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு 10 மணிக்கு எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் உடைந்து, தண்ணீர் கூடம் வரை வந்துவிட்டது. ஒரு கையால் பழந்துணியை வைத்துக் குழாயை அழுத்தியபடி, மறு கையால் கைப்பேசியில் பிளம்பரைத் தேடி, திரையில் முதலில் தெரிந்த எண்ணை அழைத்தேன். அது விளம்பரமா, இயல்பாக வந்த முடிவா என்று நான் பார்க்கவில்லை. இரண்டாவதாக யார் பெயர் இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தேடல் விளம்பரங்களைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட நானே அப்படித்தான் நடந்துகொண்டேன்.

இது என் ஒருவனுடைய பழக்கம் அன்று. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஏறத்தாழ ஆறரை லட்சம் பேரின் தேடல் பதிவுகளை வெளியிட்டுப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மொத்தக் கிளிக்குகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் முதல் முடிவுக்கே சென்றிருப்பதையும், இரண்டாவதற்கு ஏறத்தாழ 12 விழுக்காடே கிடைத்திருப்பதையும் கண்டார்கள். விளம்பரங்கள் அந்த முதல் முடிவுக்கும் மேலே அமர்கின்றன. 2016 பிப்ரவரியில் கூகுள் கணினித் திரையின் வலப்பக்க விளம்பரங்களை நீக்கிய பிறகு, மேல் வரிசைக்கான போட்டி இன்னும் கடுமையாயிற்று.

இந்த இடத்தை ஏலத்தில் விற்கலாம் என்று 1998-இல் செய்து காட்டியவர் பில் கிராஸ். அவருடைய கோடூ என்ற தேடல் தளத்தில் ஒரு கிளிக்குக்கு அதிக விலை கேட்டவரே மேலே வந்தார். 2002-இல் கூகுள் அந்த முறையைத் திருத்தி, கேட்ட விலையோடு, அந்த விளம்பரத்தை மக்கள் எந்த அளவுக்குத் தொடுகிறார்கள் என்பதையும் பெருக்கிப் பார்த்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: கிளிக்குக்கு 20 ரூபாய் தர முன்வரும் பெரிய நிறுவனத்தின் விளம்பரத்தை 100 பேரில் 2 பேர் தொட்டால் அதன் மதிப்பு 40, 12 ரூபாய் மட்டும் தரும் சிறு கடையின் விளம்பரத்தை 5 பேர் தொட்டால் அதன் மதிப்பு 60. சிறு கடைதான் மேலே வரும். அடுத்தவரை முந்துவதற்குத் தேவையான அளவுக்கே கட்டணம் என்பதால், அது செலுத்த வேண்டியது, 5-ஆல் பெருக்கினால் பெரிய நிறுவனத்தின் 40-ஐ எட்டும் 8 ரூபாயை ஒட்டிய தொகைதான். இன்றைய முறையில் வேறு அளவுகோல்களும் சேர்ந்திருக்கின்றன என்றாலும் அடிப்படை இதுவே. அதனால்தான், விலையை ஏற்றுவதற்கு முன்னால், தேடுகிறவர் தட்டச்சு செய்யும் சொல்லுக்கு நேரான பதிலாக விளம்பர வாசகத்தைத் திருத்துங்கள் என்று சிறு வணிகர்களிடம் நான் மன்றாடாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

ஆனால் எல்லாச் சொற்களுக்கும் முதலிடத்தை வாங்குவது வீண்செலவு. இணையச் சந்தையான ஈபே நிறுவனம் 2012-இல் தன் சொந்தப் பெயருக்கான தேடல் விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தபோது, விளம்பரத்தின் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் கட்டணமில்லாத முடிவின் வழியாகவே வந்து சேர்ந்தார்கள். ஏற்கெனவே பெயர் தெரிந்து தேடுகிறவருக்கு வழிகாட்டப் பணம் தேவைப்படவில்லை. ஆகவே, விளம்பரக் கணக்கோடு என்னிடம் வருகிறவர்களிடம், எந்தச் சொற்களுக்கு எவ்வளவு செலவாகியிருக்கிறது என்ற பட்டியலைத்தான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் அந்தப் பட்டியலின் முதல் சொல்லாக அவர்களுடைய கடைப் பெயரே இருக்கிறது. அந்தத் தொகையை எடுத்து, கடையின் பெயரே தெரியாமல் பொருளை மட்டும் தேடுகிறவர்களின் சொற்களுக்கு மாற்றிவிடுகிறேன்.