ஈயக் கணக்கு

நவம்பர் 4

158.6 கிரெயின். இன்றும் விழிக்கும்போதே இந்த எண்தான்.

கிராமில் 10.28. ஒன்றேகால் பவுனுக்குச் சற்று கூட. 1963 நவம்பர் 22, டல்லாஸ் பார்க்லேண்ட் மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் மேல் கிடைத்த குண்டின் எடை. அமெரிக்க அதிபர் கென்னடி கொலை வழக்கில் அதற்குச் சிஇ 399, அதாவது கமிஷன் சான்று 399, என்று பெயர். அதே ரகப் புதுக்குண்டுகள் மூன்றை அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் ராபர்ட் ஃப்ரேசியர் நிறுத்தார்: 160.85-க்கும் 161.5-க்கும் இடையில் வந்தன. அப்படியானால் சிஇ 399 இழந்தது 146 முதல் 188 மில்லிகிராம் வரை. ஒரு குன்றிமணிக்கு மேல், இரண்டுக்குக் கீழ்.

கென்னடியைத் துளைத்த இதே குண்டுதான் அவரோடு காரில் இருந்த டெக்சஸ் கவர்னர் கானலியையும் தாக்கியது என்றால், கானலியின் மணிக்கட்டில் இருந்து எடுத்த துணுக்குகள், உள்ளேயே தங்கிவிட்ட துணுக்குகள், எல்லாம் சேர்ந்து அந்த ஒன்றரைக் குன்றிமணிக்குள் அடங்க வேண்டும். அறுபது வருடமாக இதற்குத்தான் சண்டை. ஆனால் சுடுவதற்கு முன் அந்தக் குண்டு எவ்வளவு இருந்தது என்பது யாரிடமும் இல்லை. புதுக்குண்டு மூன்றுக்குள்ளேயே 42 மில்லிகிராம் வித்தியாசம். தொடக்க எடை தெரியாத பண்டத்தில் சேதாரத்தை மில்லிகிராம் சுத்தமாக எப்படிச் சொல்வது? நகைப்பட்டறையில் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்குவதுதான் அங்கே வழக்கம்.

நவம்பர் 5

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரவில்லை.

நவம்பர் 7

பாரஃபின் சோதனையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "கன்னத்துல மருந்து இல்லீங்களே, அப்பறம் எப்புடி அவரு ரைபிள்ல சுட்டிருப்பாரு?" கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டின் இரண்டு கையிலும் நீலம் வந்தது, வலது கன்னத்தில் வரவில்லை என்பது உண்மை. அதை வைத்து இரண்டு பக்கமும் பேசுவதுதான் தவறு.

உருக்கிய மெழுகைத் தோலில் அடுக்கடுக்காகப் பூசி, இறுகியதும் உரித்து, உட்பக்கம் டைஃபினைலமீன் கரைசலைச் சொட்டுவார்கள். நைட்ரேட் இருந்தால் நீலப்புள்ளி. அது வெடிமருந்து நைட்ரேட்டா, உர நைட்ரேட்டா, புகையிலையா, சிறுநீரா என்று அந்தக் கரைசலுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சொட்டுநீரில் 13-0-45 என்ற நைட்ரேட் உரத்தைக் கரைத்துவிட்டு வருகிற கோபி வாழைக்காரர் கையைக் கழுவாமல் நீட்டினால் அவருக்கும் நீலம்தான். கொலையை விசாரித்த வாரன் கமிஷனின் அறிக்கையிலேயே இருக்கிறது: துப்பாக்கியே சுடாத 20 பேரைச் சோதித்தார்கள், 20 பேருக்கும் ஏதாவது ஒரு கையிலோ இரண்டிலுமோ நீலம். ரிவால்வரில் ஐந்து முறை சுட்ட 17 பேரில் 8 பேருக்கு இரண்டு கையிலும் ஒன்றுமில்லை. ஆஸ்வால்டுடையது என்ற ரைபிளிலேயே மூன்று முறை சுட்டவருக்குக் கையிலும் இல்லை, கன்னத்திலும் இல்லை.

சுட்டவனுக்கு இல்லை, சுடாதவனுக்கு உண்டு. இதற்குமேல் இந்தச் சோதனையில் பேச ஒன்றுமில்லை.

நவம்பர் 8

மழை. மதியம் முழுக்க மின்சாரம் இல்லை. நுண்தராசு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கரண்ட் வந்ததும் நிறுக்காதீர்கள். அரைமணி நேரமாவது சூடேற விடுங்கள். பிறகு நிலை எடையை வைத்துச் சரிபார்த்து, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு எடுங்கள். காற்றாடி ஓடினால் நாலாவது தசமம் நிற்காது.

நவம்பர் 10

ஹீட் நம்பர். ஒரு உருக்குக்கு ஒரு எண்.

கோவையில் அரசூரில் இருந்து கணபதி வரை எந்த வார்ப்புப் பவுண்டரியில் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். உருகிய உலோகம் இருக்கும் லேடில் கரண்டியில் இருந்து காசு வடிவக் காயின் சாம்பிள் எடுத்தவுடனே, ஆறுவதற்குள் எண் கூட வந்துவிட வேண்டும். மாதிரியை டப்பாவில் போட்டால் எண்ணை டப்பாவின் உடம்பில் எழுத வேண்டும். மூடியில் எழுதக் கூடாது. நாலு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு போன் பேசி வந்தால் மூடி மாறிவிடும். எண் சரியாகத்தான் இருக்கும், உள்ளே இருப்பது வேறாகியிருக்கும்.

சிஇ 399-இன் கைமாற்றம்: மருத்துவமனை ஊழியர் டாம்லின்சன், பாதுகாப்பு அலுவலர் ரைட், ரகசியப் பாதுகாப்புப் பிரிவின் ஜான்சன், அவருடைய தலைவர் ரோலி, எஃப்பிஐயின் டாட், பிறகு ஃப்ரேசியரின் மேஜை. 1964 ஜூனில் அவர்களிடம் குண்டைக் காட்டிக் கேட்டபோது, முதல் நான்கு பேராலும் 'இதேதான்' என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டாட் மட்டும் தன் முதலெழுத்தை அடையாளம் காட்டியதாகப் பதிவு. அந்த எழுத்தே குண்டில் தென்படவில்லை என்று பிற்பாடு படங்களைப் பார்த்தவர்கள் சொன்னது தனிச் சண்டை.

குண்டின் மேல் இருக்கும் கீறல்கள் சி2766 எண்ணுள்ள, ஆஸ்வால்டுடையது என்ற அந்த மான்லிச்சர்-கார்கானோ ரைபிளுடையவைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தக் குழலில் இருந்து வந்தது என்பதைக் கீறல் சொல்லும். எந்த ஸ்ட்ரெச்சரில் இருந்து எடுத்தது என்பதைக் கைமாற்றத் தாள்தான் சொல்ல முடியும். அந்தத் தாளில் முதல் நான்கு வரி பலவீனம். இதை வைத்துக் குண்டை யாரோ கொண்டுவந்து போட்டார்கள் என்று தாவுவதும் சரியில்லை. எழுதாமல் விட்டார்கள், அவ்வளவுதான் தெரியும். மனசு ஆறவில்லை. ஒரு நாட்டின் தலைவர் செத்த வழக்கில், முதல் கையிலேயே ஒரு உறையும் ஒரு கையெழுத்தும் போட்டிருக்கக் கூடாதா?

நவம்பர் 11

கென்னடியின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை, அதைச் செய்த டாக்டர் ஹ்யூம்ஸ் வீட்டுக் கணப்பில் எரித்தார். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நவம்பர் 13

குண்டின் உள்ளே இருக்கும் ஈயத்தைப் பற்றி முழுசாக எழுதிவிடுகிறேன். தூக்கம் வரப்போவதில்லை.

ஈயம் உருகுவது 327 டிகிரியில், ஆன்டிமனி 631-இல். நூற்றுக்கு 11 பங்கு ஆன்டிமனி சேர்ந்த கலவை 252-லேயே உருகிவிடும். பேட்டரித் தகடு வார்ப்பவர்களுக்கு இது பாலபாடம். ஈயம் உறையும்போது முதலில் கெட்டியாகும் பரல் ஏறக்குறைய சுத்த ஈயம். ஆன்டிமனியை அது உள்ளே சேர்க்காமல் மிச்சமிருக்கும் திரவத்துக்குத் தள்ளும். கடைசியாக உறையும் அந்தத் திரவம் பரலுக்கும் பரலுக்கும் இடையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். கற்கண்டு கட்டுகையில் அழுக்குப் பாகெல்லாம் கற்களின் இடுக்கில் ஒதுங்குமே, அதே வேலை. ஆகவே ஒரே குண்டில், பரலின் நடுவில் சுரண்டினால் ஆன்டிமனி குறைவு, எல்லையில் சுரண்டினால் கூடுதல். எடுக்கும் துணுக்கு சிறிதாகச் சிறிதாக இந்த வித்தியாசம் பெரிதாகும். பெரிய துண்டில் எல்லாம் கலந்து சராசரியாகிவிடும். மில்லிகிராம் கணக்குத் துணுக்கில் சராசரிக்கு இடமில்லை.

1977-இல் வேதியியலாளர் வின்சென்ட் கின் கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக அணு உலையில் துணுக்குகளை நியூட்ரானில் வைத்து, வெளிவரும் காமாக் கதிரை எண்ணினார். ஆன்டிமனி, பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில்: சிஇ 399-இல் 833, கானலி மணிக்கட்டில் 797. கென்னடியின் மூளைத் துணுக்கு, காரில் கிடைத்த துணுக்குகள் எல்லாம் 602-இல் இருந்து 640 சுற்று வரை. இரண்டு குவியல், ஆகவே இரண்டு குண்டு, ஆகவே மணிக்கட்டை உடைத்தது சிஇ 399 என்று, வழக்கை மறுபடி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இந்த ரகக் குண்டு ஒன்றுக்கொன்று ஆன்டிமனியில் நிறைய மாறும், ஆனால் ஒரே குண்டுக்குள் மாறாது என்பது அவருடைய அடிப்படை.

அவர் கைவேலையில் எனக்குக் குறையே இல்லை. 833 என்றால் கூட்டிக் குறைத்து 9. அருமையான அளவு. ஆனால் அந்த 9 எண்ணும் கருவியின் பிழை. துணுக்கு எடுத்த இடத்தின் பிழை அதில் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் முப்பது வருடத் தவறு. பொறி விட்டு உலோகக் கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் ஒரே புள்ளியில் பத்து முறை பொறி விட்டால் பத்தும் ஒத்துத்தான் வரும். காயினைத் திருப்பி வேறு இடத்தில் விட்டால்தான் உலோகம் பேச ஆரம்பிக்கும். அதனால்தான் குறைந்தது மூன்று இடத்தில் விடச் சொல்வது, நடுமையத்தையும் ஓரத்தையும் தவிர்க்கச் சொல்வது. ஈயமாக இருந்தால் எமரித் தாளில் தேய்க்காமல் லேத்தில் உலர்வாகச் சீவச் சொல்வதும் இதோடு சேர்ந்ததே. தாளின் துகள் ஈயத்தில் பதிந்து எண்ணைக் கெடுக்கும்.

கின் தானே சோதனைக் குண்டுகளில் ஒரு குண்டுக்கு நான்கு மாதிரி எடுத்திருக்கிறார். ஒரு குண்டின் நான்கு மாதிரிக்குள்ளேயே ஆன்டிமனி இரண்டு மடங்குக்கு மேல் மாறியது. 797-க்கும் 640-க்கும் உள்ள இடைவெளி அதற்குள் அடங்கிவிடும். அவருடைய அட்டவணையே அவருக்கு மறுப்பு. வெள்ளியைப் பார்த்தால் எல்லாத் துணுக்கும் 8-இல் இருந்து 10 பிபிஎம்முக்குள், இரண்டு குவியலாகப் பிரியவே இல்லை. செம்பு ஒத்து வரவில்லை. அதற்குக் குண்டின் மேலுறை ஒட்டியிருக்கும் என்று காரணம் சொன்னார். அது நியாயமான காரணம்தான், மேலுறையே செம்புக் கலவை. ஆனால் மூன்றில் ஒன்று மட்டும் பேசுகிறது என்றால் அந்த ஒன்றை இன்னும் கடுமையாக அல்லவா விசாரிக்க வேண்டும்?

நவம்பர் 14

பயாப்ஸி ஊசி ஒரே இடத்தில்தான் போனதா என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நவம்பர் 16

அன்று இரவு ஈயத்தைப் பற்றி எழுதியதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். 1964-லேயே எஃப்பிஐ ஓக்ரிட்ஜ் அணு ஆய்வகத்தில் இதே நியூட்ரான் சோதனையைச் செய்துவிட்டது. துணுக்குகளைப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் போதாது என்று ஜூலையில் எஃப்பிஐ தலைவர் ஹூவர் வாரன் கமிஷனுக்குக் கடிதமே எழுதினார். கமிஷன் அறிக்கையில் அது வெளிச்சத்துக்கு வரவில்லை. இந்தச் சோதனை மாதிரியை அழிக்காது. எண்ணி முடித்ததும் துணுக்கு அப்படியே இருக்கும். கின்னுக்கு ஆவணக்காப்பகத்தில் இருந்து வந்தவற்றில் எஃப்பிஐ சோதித்த அந்தத் துணுக்குகள் இல்லை. எடை பொருந்தவில்லை என்று அவரே சொன்னார். அதே துணுக்கை மறுபடி எண்ணியிருந்தால் இரண்டு ஆய்வகமும் ஒத்துப்போகிறதா என்றாவது தெரிந்திருக்கும்.

போனதுபோனதுதான். மிச்சத்தை வைக்காதவன் பரிசோதனைக்காரன் இல்லை.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்துவிட்டது. வரவில்லை.

நவம்பர் 18

ஒலிப்பதிவுக்கு நான் அதிகம் எழுதப்போவதில்லை. போலீஸ் மோட்டார் சைக்கிளின் மைக் திறந்தபடி கிடந்து பதிவான பட்டை. அதில் நான்கு வெடி, மூன்றாவது கார் போன பாதையோரப் புல்மேட்டில் இருந்து, 95 சதவீத உறுதி என்றது நாடாளுமன்றக் குழு. ஒஹையோவைச் சேர்ந்த டிரம்ஸ் வாசிப்பவர் ஸ்டீவ் பார்பர் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வெடி என்று சொன்ன இடத்திலேயே ஷெரிஃப் பேசுவது மங்கலாகக் கேட்பதைப் பிடித்தார். அந்தப் பேச்சு இன்னொரு அலைவரிசையில், சூடு நடந்து ஒரு நிமிடம் கழித்து வந்தது. 1982-இல் நார்மன் ராம்சே தலைமையிலான குழு அதை ஏற்றது. அதற்கும் பிற்பாடு மறுப்பு வந்தது. காதை நம்பி உட்கார்ந்து கேட்ட அந்த மனிதர்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

நவம்பர் 20

"ஏனுங் மாமா, அப்ப ரெண்டாவது ஆளு சுட்டது நெசந்தானுங்களா?"

இல்லீங் மாப்பிள்ளை. ஈயம் அதைச் சொல்லாது. இதை எத்தனை பேருக்குச் சொல்வது என்றே தெரியவில்லை. 2006-இல் ஆய்வாளர்கள் ராண்டிச்சும் கிராண்டும் பரல் எல்லைக் கணக்கை வைத்துச் சொன்னது, அந்தத் துணுக்குகள் இரண்டு குண்டில் இருந்தும் வந்திருக்கலாம், ஐந்தில் இருந்தும் வந்திருக்கலாம் என்று. 2007-இல் ஸ்பீகல்மேன், டோபின் குழு அதே கம்பெனியின் அதே ரகக் குண்டுப் பெட்டி மூன்றில் இருந்து பத்துப் பத்தாக 30 குண்டு எடுத்துப் பார்த்தது. அதில் ஒரு குண்டு வழக்குத் துணுக்கு ஒன்றோடு பொருந்திப்போனது. டல்லாஸுக்குச் சம்பந்தமே இல்லாத குண்டு. பொருத்தம் அபூர்வம் இல்லை என்றால் பொருத்தத்துக்கு மதிப்பில்லை. அவ்வளவுதான் நிரூபணம். இரண்டாவது ஆள் இருந்ததற்கு அது சாட்சி இல்லை, இல்லாததற்கும் இல்லை.

எஃப்பிஐ 2005-இல் குண்டு ஈய ஒப்பீட்டையே நிறுத்திவிட்டது. அதற்கு முந்தின வருடம் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அறிக்கை வந்தது. அதுவரை இந்த ஈயச் சாட்சியத்தால் சாதாரண வழக்குகளில் உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை, என்னிடம் யாரும் கேட்பதுமில்லை.

நவம்பர் 22

டல்லாஸில் மதியம் 12.30 என்றால் இங்கே சரியாக நள்ளிரவு 12. விழித்திருந்தேன். மழை விட்டிருந்தது.

158.6.

நவம்பர் 24

போன் வந்தது. ஸ்லைடை இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்களாம், முடிவு உறுதியில்லையாம். மிச்சத் திசு இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறதாம். எண்ணை டப்பாவின் உடம்பில் எழுதியிருக்கிறீர்களா, மூடியிலா என்று கேட்டதற்கு, பார்த்துச் சொல்கிறேனுங்க சார், லைனில் இருங்க என்று போனவர்