உப்பும் லித்தியமும்: ஒரு கோடைக்கால நாட்குறிப்பு

மே 4
அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. குடியாத்தத்தில் காலை பத்து மணிக்கே தெருவில் கால் வைக்க முடியவில்லை. அளவுமீறிய மனவெழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறுக்காக அண்ணன் லித்தியம் சாப்பிடத் தொடங்கிய பிறகு, கோடை என்றாலே எனக்குக் கலக்கம்தான். வியர்வையில் தண்ணீரும் உப்பும் வெளியேறினால் சிறுநீரகம் மிச்ச உப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லித்தியத்தையும் உப்பாகவே பாவித்துச் சேர்த்துப் பிடித்துவிடும். மாத்திரை அதேதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிவிடும். மோர்ப் பானையை அண்ணன் கட்டிலருகே வைத்திருக்கிறேன்.

மே 8
பெரியம்மா வந்திருக்கிறார். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரை அண்ணன் உப்பில்லாச் சாப்பாடு சாப்பிட்டால் நோய் அடியோடு விலகும் என்று வேண்டிக்கொண்டாராம். அண்ணனும் நேற்றே தொடங்கிவிட்டார். "லித்தியம் சாப்பிடுகிறவர் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது பெரியம்மா" என்றேன். அவர் கண் கலங்கியது. அதற்குமேல் பேச வாய் வரவில்லை.

மே 11
காலையில் காப்பி டம்ளரை அண்ணன் இரு கைகளாலும் பிடித்தும் சிந்தியது. இது வழக்கமான மெல்லிய நடுக்கம் இல்லை. பேதி, தள்ளாட்டம், நாக்குழறல். துருவிக் கேட்டபோதுதான், முழங்கால் வலிக்கு மூன்று நாளாக டைக்ளோஃபெனாக் விழுங்கியது தெரிந்தது. மருந்துக்கடையில் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வகை வலி மாத்திரைகளும் லித்தியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் தடுக்கும். பாரசிட்டமால் கொடுத்திருந்தால் இந்தத் தடை இருந்திருக்காது.

லித்தியத்தை உடனே நிறுத்திவிட்டு, கார் பிடித்து வேலூருக்கு ஓடினோம். ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 1.9 மில்லிமோல். நீண்ட நாள் சிகிச்சைக்கு வழிகாட்டுதல்கள் சொல்வது பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரை. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இவ்வளவு குறுகிய வரப்பு.

மே 12, மருத்துவமனை
சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது. இரவெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், லித்தியம் மனவெழுச்சியைத் தணிக்கிறது என்று எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகள் லித்தியம் குளோரைடைச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாகத் தூவிச் சாப்பிட்டு, சிலர் இறந்தும் போனார்கள். உப்புக் குறைந்த உடம்பில் லித்தியம் என்ன செய்யும் என்பது அன்றே தெரிந்த பாடம். பெரியம்மாவிடம் நான்கு நாள் முன்பு நான் வாய்மூடி நின்றேனே!

சித்தப்பா தொலைபேசியில், "அந்த விஷத்தை இனித் தொடவிடாதே" என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. முன்பு ஒருமுறை அண்ணன் தானாக மாத்திரையை நிறுத்தினார். சில வாரங்களில் தூக்கம் போயிற்று; தறி விற்ற பணம் கரைந்தது; நள்ளிரவில் கவுண்டன்ய ஆற்று மணலில் அவரைத் தேடி அலைந்தோம். பிறகு வந்த சோர்வில் உயிரையே விடப் பார்த்தார். தற்கொலையைத் தடுப்பதில் இந்த மருந்துக்கு இருக்கும் பலம் மிகச் சில மருந்துகளுக்கே உண்டு. அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியதைக் கைவிடச் சொல்லலாமா?

மே 17
வீடு திரும்பினோம். திருவிழா முடிந்துவிட்டது. அளவு இறங்கிய பிறகு, குறைந்த அளவில் லித்தியத்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

மே 24
ரத்தம் கொடுக்கப் போனோம். அளவு மாற்றினால் ஒரு வாரத்தில் பார்க்க வேண்டும். இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். ஒன்பதுக்குச் சாப்பிட்டவர் காலை ஒன்பதுக்குக் கையை நீட்டினார். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் சேர்த்தே செய்தார்கள். மாலையில் முடிவு வந்தது: 0.7.

பெரியம்மா கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, உப்புப் போட்டுக் கரைத்து வைத்திருந்தார். ஒரு வாய் தானே குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு சரியா இருக்குதா பாருடா" என்று அண்ணனிடம் நீட்டினார்.