ஸ்கூட்டி கண்ணாடியில் ஒரு நட்சத்திரம்

"அண்ணா, சுடாதீங்க!" என்று நான் கத்துவதற்குள் டப்பென்று ஒரு சத்தம்.

துவைக்கிற கல்லுக்கு அடியில் நல்ல பாம்பு. பெங்களூரு பேகூர் ஏரிப்பக்கம் மழை விட்ட மறுநாள் இது வழக்கம்தான். எதிர்வீட்டு அண்ணா ஏர் பிஸ்டலோடு வந்துவிட்டார். மொட்டைமாடிப் புறாக்களை விரட்ட வாங்கியதாம்.

அதன் குட்டிக் குண்டு, பெல்லட், கல்லில் தெறித்து என் ஸ்கூட்டி கண்ணாடியில் நட்சத்திரம் போட்டது. பாம்பு படமெடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

4.5 மில்லிமீட்டர் ஈயம், அரை கிராம் எடை. இரண்டு விரல் அகலத் தலை, அதுவும் ஆடுகிற தலை. காயத்தோடு எந்தப் பொந்துக்குள் நுழையுமோ! செத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் தலை கடிக்கும். பாம்பைக் கொல்லக் கூடாது என்று 1972 வனவிலங்குச் சட்டம் வேறு இருக்கிறது. (லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கிதானே என்பது அண்ணாவின் வாதம்.)

பாம்பு பிடிக்கிற தம்பி வந்தான். பிவிசி குழாய், அதன் மறுமுனையில் கறுப்புத் துணிப்பை. கொக்கியால் லேசாகத் தொட்டான். இருட்டுப் பொந்து என்று நினைத்துப் பாம்பு தானே ஊர்ந்து உள்ளே போனது.

"தூர நின்னு அது எங்க போகுதுன்னு பாத்துட்டே இருந்தா போதும்க்கா."

அதுதான் முடியவில்லை. பயந்தால் கை சும்மா இருப்பதில்லை.

கண்ணாடிக் காசைப் பற்றி அண்ணா இன்னும் வாயே திறக்கவில்லை.