மகள் எடுத்த பாடம்

மகள் பிளஸ் ஒன்னில் சமூகவியல் எடுத்திருக்கிறாள். சிபிஎஸ்இ பள்ளி. "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்து கேட்டுவிட்டார். பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வுக்கு 80, செயல்திட்டத்துக்கு (புராஜெக்ட்) 20 மதிப்பெண் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

நேற்றிரவு எம்.என். சீனிவாசைப் பற்றிச் சொன்னாள். 1948இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த சமூகவியல் அறிஞர். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் அவர் தொகுத்துவைத்த குறிப்புகள் எரிந்துபோக, பெரும்பாலும் நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தை எழுதினாராம். (எனக்கு நேற்று வைத்த குழம்பே நினைவில்லை.)

சொல்லி முடித்ததும் நோட்டை விரித்தாள். "அப்பா, நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஏன்?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.